ஹனோயிலிருந்து ஒரு கோழி

சுருளை அவிழ்த்து அவன் பிடித்துக் காட்டினான்.

கோழி.

ஒரு தாய்க்கோழி. சுற்றிலும் பத்துக் குஞ்சுகள். அதில் இரண்டு, முதுகில் ஏறி நின்றன. தாயின் அலகில் ஒரு புழு.

கூடத்தில் எல்லாரும் படத்தையே பார்த்தார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் சென்னியப்பன், பெண்ணின் அப்பா. நாமக்கல் பக்கம் முட்டைப் பண்ணை. மூன்று லட்சம் கோழி. அந்த வீட்டில் கண் விழித்தால் கோழி, கண் மூடினால் கோழி. பெண் பார்க்க வந்தவன் அங்கே கொண்டுபோய்க் கொடுப்பது கோழிப் படம்.

ஹனோயில் கடையில் நின்றபோது இது பிரமாதமான யோசனையாகத்தான் இருந்தது. மரக்கட்டையில் செதுக்கி, நிறத்துக்கு ஒரு கட்டை என்று வைத்துக் கையால் அச்சடித்த படம். புத்தாண்டுக்கு வாங்கிச் சுவரில் ஒட்டுவார்களாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் அர்த்தம் உண்டு. மீன் படம் பரீட்சையில் தேற. பன்றிப் படம் செல்வம் பெருக. பெண் வீட்டுக்குப் பன்றியோடு போக அவனுக்குத் துணிச்சல் இல்லை. கோழிக்காரர் வீட்டுக்குக் கோழி என்று முடிவு செய்துவிட்டான்.

தாய்க்கோழி எதற்கு என்று கடைக்காரி சொன்னது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

வீடு நிறையப் பிள்ளைகள்.

அவனுக்குக் காது சுட்டது.

சென்னியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படத்தைத் தொடவில்லை.

"வியட்நாமுங்களா தம்பி? அங்க பறவைக் காய்ச்சல் வந்துச்சுங்களே."

பக்கத்தில் அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஏற்கெனவே ஏழு இடம் தட்டிப்போயிருந்தது. வயது முப்பத்து மூன்று. எட்டாவது இடம் ஒரு கோழியால் போனதென்றால் வெளியில் சொல்லவும் முடியாது.

"வெறும் காகிதந்தாங்க," என்றான்.

அவர் ஒருவழியாகப் படத்தை வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தார். புழுவைப் பார்த்து முகம் சுளித்தார். அவர் பண்ணையில் எந்தக் கோழியும் இப்படிக் கண்டதையும் தின்னாது. முதுகில் ஏறிய குஞ்சுகளைப் பார்த்தார். பண்ணைக்குக் குஞ்சுகள் பெட்டியில் வந்து இறங்கும். முப்பது வருடத்தில் அங்கே தாயையும் குஞ்சையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு காகிதத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். மினுமினுப்பாக ஏதோ உதிர்ந்தது. விரலில் வைத்துத் தேய்த்தார்.

"கிளிஞ்சலுங்களா?"

கிளிஞ்சல்தான். அரைத்துக் கஞ்சியில் கலந்து காகிதத்துக்குப் பூசுவார்கள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. முட்டை ஓடு கெட்டிப்பட அவரும் தீவனத்தில் கிளிஞ்சல்தான் சேர்க்கிறார். எந்தக் கடலில் அள்ளுகிறார்கள், எவ்வளவு நைசாக அரைக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டார். அவன் பார்ப்பது கம்ப்யூட்டர் வேலை. கிளிஞ்சலோடு பிறந்து வளர்ந்தவன் மாதிரி பதில் சொன்னான்.

அம்மாவுக்கு மூச்சு வந்தது. சூட்டோடு சூடாக, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னாள். கல்யாணமானதும் பெண் இரண்டு வருடம் ராசிபுரத்தில் தன்னோடு இருக்கட்டும். பையன் ஹனோயில் வேலை பார்ப்பான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து போவான். ஒரு குழந்தை ஆகட்டும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அது அம்மாவின் ஏற்பாடு. அவன் மறுத்ததில்லை. மறுக்கலாம் என்று தோன்றியதும் இல்லை.

சென்னியப்பன் தாடையைத் தடவினார்.

பெண் காபித் தட்டோடு வந்தாள். மோகனப்பிரியா. பண்ணையில் கோழிகளுக்குத் தடுப்பூசி போடுவதெல்லாம் அவள் மேற்பார்வை. கதவுக்குப் பின்னால் நின்று இவ்வளவையும் கேட்டிருக்கிறாள் என்பது காபி ஆறிப்போயிருந்ததில் தெரிந்தது.

டம்ளரை அவன் முன்னால் வைத்தாள். அவனைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தாள்.

நிதானமாகப் பார்த்தாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாள்.

பத்து.

அர்த்தம் கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று அவனுக்கு உட்கார்ந்த இடத்திலேயே வியர்த்தது.

அவள் அர்த்தம் கேட்கவில்லை.

"சேவலக் காணமுங்களே?"

சென்னியப்பன் சிரித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அம்மா டம்ளருக்குள் எதையோ தேடினாள்.

அவனும் குனிந்து பார்த்தான். கடையில் பார்த்த படம். விமானத்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்த படம். குஞ்சு பத்தும் இருந்தது. புழு இருந்தது. அதற்கு மேல் அதில் யாரும் இல்லை.

சிரிப்பு வந்தது. கூடவே வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

அம்மா அவன் முழங்காலைத் தொட்டாள்.

அவன் காலை நகர்த்திக்கொண்டான்.

"உங்ககிட்ட பாஸ்போர்ட் இருக்குங்களா?"

அவள் வெறும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆறிய காபியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.