வேலிக்கு இந்தப் பக்க மழை

“பின்னாடி நின்னு பாரும்மா. அடைக்கு உட்கார்ந்த கோழி மாதிரி இல்லே?”

காரை வாங்க வந்திருந்த ஜோடி என்ற இளம் நர்ஸ், நெவில் சொன்ன இடத்தில் நின்று பார்த்தாள். வெள்ளை ஸ்டேஷன் வேகன் முன்பக்கம் நிமிர்ந்தும் பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரியும் நின்றது.

அந்த வட்டாரத்தில் நெவிலிடம் காட்டாமல் யாரும் பழைய கார் வாங்குவதில்லை. ஆனால் இந்தக் கார் பக்கத்துப் பண்ணை ஹெக்டருடையது. வேலி யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று இருவருக்கும் வந்த தகராறில் பேச்சு நின்று பல வருஷம். போன மாதம் ஹெக்டரை அடக்கம் செய்தபோதுகூட நெவில் வரவில்லை. இன்று ஜோடி கெஞ்சிக் கூப்பிட்டதால்தான் வேலியைத் தாண்டினார்.

ஹெக்டரின் மனைவி ஐரிஸ் வாசற்படியில் நின்றிருந்தாள். பண்ணை கைமாறிவிட்டது. இந்தக் காரும் விலை போனால்தான் லாரி வாடகைக்குக் காசு கிடைத்து, சாமானை ஏற்றிக்கொண்டு அடிலெய்டுக்கு, மகள் வீட்டுக்குப் போக வழி.

“டீ போடட்டுமா நெவில்?”

“வேண்டாம்.”

சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பை வைத்து முன்னும் பின்னும் அளந்தார். பின்பக்க மூலையை அழுத்தி விட்டார். கார் படகு மாதிரி ஆடி ஆடித்தான் நின்றது. ஜாக்கி போட்டு டார்ச்சுடன் அடியில் நுழைந்தார்.

“ஷாக் அப்சார்பர் ரெண்டும் எண்ணெய் கக்கிடுச்சு. அடி தாங்குற ரப்பர் மாவா உதிருது. வண்டியைத் தாழ்த்தணும்னு ஸ்பிரிங்கை யாரும் வெட்டலே, அதுவா படுத்துடுச்சு.” வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். “என்ன சொல்லி விக்கிறா இதை?”

“சாமான் வாங்கவும் சர்ச்சுக்குப் போகவும்தான் ஓட்டினாராம்,” என்றாள் ஜோடி.

“சர்ச்சுக்குப் போனானா, சர்ச்சையே தூக்கிட்டுப் போனானா? தினம் தினம் பெரிய பாரம் ஏத்தின வண்டிம்மா இது.”

ஐரிஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

“புது ஸ்பிரிங்கும் ஷாக்கும் போட்டா சரியாயிடுமா?” ஜோடி கேட்டாள்.

ஆகும் என்று நெவிலுக்குத் தெரியும். இன்ஜின் கடிகாரம் மாதிரி ஓடியது. எங்கும் துரு இல்லை.

“வண்டி சரியாகும். விக்கிறவங்க சொல்லு சரியாகுமா? இதுலயே பொய்யின்னா இன்னும் எதுல எதுல பொய்யோ! வாங்காதே.”

ஜோடி தயங்கி ஐரிஸைப் பார்த்தாள்.

“அந்த ஆளு எப்படிப்பட்டவன்னு மேலே இருக்கறவனுக்கே தெரியும்,” என்றார் நெவில். “அந்தப் பெரிய தண்ணிப் பஞ்சத்துல என் பொண்டாட்டி பெரில் அடிலெய்டு ஆஸ்பத்திரியில கிடந்தா. இனிமே மருந்தில்லே, கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க. அவளுக்கும் வீட்லதான் கண்ணை மூடணும்னு ஆசை. ஆனா கூரையிலேர்ந்து மழைத் தண்ணி பிடிக்கிற வீட்டு டாங்க் காஞ்சு கிடக்கு. தண்ணி லாரிக்குப் பதிஞ்சா மாசக்கணக்கு ஆகும். குளிப்பாட்டக்கூடத் தண்ணியில்லாத வீட்டுக்கு எப்படிக் கூட்டிட்டு வர்றது? ஒரு பார்வை பார்த்துட்டுப் போகலாம்னு தனியா வந்தேன். டாங்க் முக்கால்வாசி நிறைஞ்சிருக்கு! வேலிக் கம்பத்துல மழை அளக்குற கண்ணாடிக் குழாய் வெச்சிருக்கேனே, அதுலயும் தண்ணி. என் பக்கம் பெய்ஞ்ச மழை இவங்க பக்கம் ஒரு சொட்டு விழலே!”

“நம்ம ஊர் மழை அப்படித்தானே,” என்றாள் ஜோடி. “ரோட்டுக்கு ஒரு பக்கம் கொட்டும், மறுபக்கம் தூசி பறக்கும்.”

“அன்னைக்கே பப்புல எல்லார் காதுலயும் விழற மாதிரி சொன்னேன், ‘மேலே இருக்கறவனுக்கு வேலி எங்கே இருக்குன்னு தெரியும்டா’ன்னு. ஹெக்டர் மூலையில உட்கார்ந்திருந்தான். வாயைத் திறக்கலையே! கிளாசைப் பார்த்துச் சிரிச்சுட்டு உட்கார்ந்திருந்தான்.”

கடைசி மூணு வாரம் பெரில் அவள் கட்டிலில், அவள் ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தாள். தினமும் அவர் கையால் தலை துவட்டிவிட்டார். ‘நமக்குன்னு பெய்ஞ்சிருக்கு பாரேன்’ என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நெவில் டிக்கியைத் திறந்தார். தரை விரிப்பில் வட்ட வட்டமாகப் பதிந்த தடங்கள். ஓரத்தில் சுருட்டி வைத்த தண்ணீர்க் குழாய்.

“டிரம்மு வெச்ச தடம். எதைக் கடத்தினான் ஐரிஸ்? இப்பவாவது உண்மையைச் சொல்லு. இந்தப் பொண்ணு ஏமாறக் கூடாது.”

“சொல்ல மாட்டேன்னு அவருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்.”

“செத்தவனுக்கு என்ன சத்தியம்?”

ஐரிஸ் படியிலிருந்து இறங்கி வந்து டிக்கிக் கதவில் கை வைத்துக்கொண்டாள்.

“தண்ணி. டவுன் ஆத்துலேர்ந்து. லாரியை அந்தப் பஞ்சத்துலதான் வித்துட்டோமே, இதுலதான் தினம் ஏத்தினாரு. ஸ்பிரிங் போயிடும்னு நான் கத்துவேன். கேட்க மாட்டாரு.”

“யாருக்கு?”

அவள் பார்வை வேலிக்கு அந்தப் பக்கம், நெவிலின் டாங்குக்குப் போய் நின்றது.

நெவில் வேலிக் கம்பத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“இல்லே… இல்லே ஐரிஸ். கண்ணாடிக் குழாய்ல மழைத் தண்ணி இருந்துச்சு. என் கண்ணால பார்த்தேனே!”

“அதையும் அவர்தான் ஊத்தினாரு, நெவில். ‘அது காலியா இருந்தா யார் கொண்டு வந்ததுன்னு தேடுவான். நான்னு தெரிஞ்சா டாங்கைத் திறந்து விட்டுடுவான். அப்புறம் பெரில் எப்படி வீட்டுக்கு வருவா?’ன்னாரு.”