ரெண்டடி தள்ளி

“இந்தக் கோடு நான் போட்டது இல்லையே?”

பாதி இடித்திருந்த சுவரின் ஓரத்தில் மிச்சமிருந்த சாக்பீஸ் கோட்டை மேஸ்திரி விரலால் தடவிப் பார்த்தார்.

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி ஃபேனைப் பார்த்தாள்.

“சோபாவுக்கு இடம் பத்தலை... ரெண்டடிதான் தள்ளிப் போட்டேன்.”

“ரெண்டடிதானா! முக்காலடி கனத்துல இருக்கேம்மா, இது மாடியைத் தாங்குற சுவரு. இதுக்கு மேல தொடக் கூடாதுன்னுதானே கோடு போட்டேன்? நேத்து ஒரு நாள் நான் வரலை. உங்க கோட்டை என் கோடுன்னு நினைச்சு ஆளுங்க இடிச்சுட்டாங்க.”

மேலே ‘சரசர’வென்று சத்தம். மண் உதிர்ந்து மேஸ்திரி தோளில் விழுந்தது. மூவரும் அண்ணாந்தார்கள். கூரையில் ஒரு முழத்துக்கு விரிசல்.

வீட்டுக்காரர் சுவரை விட்டு விலகினார். “விழுந்துடுமா மேஸ்திரி?”

“முட்டுக் கொடுத்தா நிக்கும். கட்டை வர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் கீழேயும் ஆள் கூடாது, மேலேயும் ஆள் கூடாது. முதல்ல மாடி வீட்டுக்காரங்களை இறங்கச் சொல்லுங்க.”

“ஐயையோ! சுவரை இடிச்சோம்னு தெரிஞ்சா சும்மா விடுவாங்களா? போலீஸுக்குப் போயிடுவாங்க.”

“கைக்குழந்தை இருக்கிற வீடும்மா.”

“ஒரு மணி நேரம்தானே? அதுக்குள்ள ஒண்ணும் ஆகாது.” சொல்லும்போதே அவள் கால்கள் வாசலுக்கு நகர்ந்துவிட்டன.

“ஆகாதுன்னா நீங்க ஏன் ஓடறீங்க? நானே போய்ச் சொல்றேன்.”

வீட்டுக்காரர் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். “வேண்டாங்க... பெயின்ட் அடிக்கிறோம், வாடை வரும், கொஞ்ச நேரம் வெளியே போங்கன்னு சொல்லிக்கலாமே.”

“விடுங்க சார் கையை!”

அதற்குள் படியில் தடதடவென்று காலடி. மாடி வீட்டுப் பெண். இடுப்பில் குழந்தை, காலில் செருப்பில்லை, முகத்தில் ரத்தமில்லை.

வாசலில் நின்ற வீட்டுக்காரர் மனைவியைக் கண்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“அக்கா, நல்லவேளை வெளியே வந்துட்டீங்க! எங்க வீட்டுத் தரை விரிஞ்சிடுச்சுக்கா. எல்லாம் எங்க தப்புதான், கனமான இரும்பு பீரோவை நடு ரூம்ல வச்சுட்டோம். மன்னிச்சிடுங்க.”

மூச்சு வாங்கினாள்.

“சாரையும் சீக்கிரம் வெளியே கூப்பிடுங்க. அவர் தலையில விழுந்துடக் கூடாதேன்னு எங்க வீட்டுக்காரர் மேலேயே நின்னு, தனி ஆளா பீரோவை அந்தப் பக்கம் தள்ளிக்கிட்டிருக்கார்.”