ஏரிக்குள் இறங்கிய கார்

அமீருதீனின் போனில் மகளின் கார் பழவேற்காடு ஏரிக்குள் இறங்கிவிட்டது.

படகுத்துறையில் நின்றுகொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். சந்தேகமே இல்லை. மறுகரையிலிருக்கும் சுண்ணாம்புக்குளம் வரை ரோட்டில் ஒழுங்காக வந்த நீலப் புள்ளி, இப்போது தண்ணீரின் மேல் ஜம்மென்று வந்துகொண்டிருந்தது.

சுற்றிலும் ஊரே மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறை தெரிந்தால் நாளைக்குப் பெருநாள். அத்தனை பேரும் கழுத்தை நீட்டி அண்ணாந்திருக்க, இவர் ஒருவர்தான் புதுப்பெண் மாதிரி குனிந்த தலை நிமிரவில்லை.

பக்கத்தில் நின்ற சஹாபுதீனின் தோளைப் பிடித்து உலுக்கினார். தங்கை மகன், கடைத்தெருவில் மொபைல் கடை வைத்திருப்பவன்.

"ஜபீன் வர்றாடா! நம்ம ஊருக்குத்தான்டா வர்றா!"

சஹாபுதீன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அட போங்க மாமா. போன வாரம் அப்டேட் போட்டதுலேர்ந்து இந்த ஆப் ஒரே பேஜாரு. காரு ஒரு எடத்துல கீது, புள்ளி வேற எடத்துல சுத்திக்கினு கீது. ஏரி மேல காரு வருமா?"

வராதுதான். நண்டு வியாபாரத்தில் தலை நரைத்தவருக்கு அந்த ஏரியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் மனசு கேட்டால்தானே.

ஜபீன் கும்மிடிப்பூண்டியில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். போன வருஷம், சம்பளத்தைச் சேர்த்து, இவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கார் வாங்கி, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். கார் எங்கே போகிறது வருகிறது என்று நீங்களும் பார்க்கலாம் வாப்பா என்று, அவர் போனில் இந்த ஆப்பை அவளே ஏற்றியும் கொடுத்தாள்.

அவரும் வாயெல்லாம் பல்லாகத்தான் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். எதிர்வீட்டுக்காரர் வந்து, "உன்னக் கேக்காமலா வாங்கினா?" என்று ஒரு கொக்கியைப் போடும்வரை.

சுர்ரென்று ஏறிவிட்டது மனுஷனுக்கு. இந்தக் காரின் சக்கரம் இனிமேல் இந்தத் தெருவில் உருளக் கூடாது, உருண்டால் நான் உனக்கு வாப்பா இல்லை என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தித் தீர்த்தார்.

மகளும் அவர் பெற்ற பெண்ணாயிற்றே, ரோஷத்துக்குக் குறைச்சலா? அன்றைக்குக் காரை எடுத்துக்கொண்டு போனவள்தான். பக்ரீத் வந்தது, அவள் வரவில்லை. நோன்பு வந்தது, அவள் வரவில்லை.

"அவ பேச்சையே எடுக்காதே" என்று மனைவி நசீம் பானுவிடம் எரிந்து விழுவார். விழுந்த கையோடு கொல்லைப்பக்கம் போய், ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று ஆப்பைத் திறப்பார். கம்பெனி, ஹாஸ்டல், கம்பெனி. புள்ளி ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும். இந்தத் திருட்டுத்தனம் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. இன்றைக்குத்தான் சந்தோஷம் தாங்காமல் சஹாபுதீனிடம் உளறிவிட்டார்.

இந்தப் பெருநாளுக்கும் வராவிட்டால் இனி அவள் வரவே மாட்டாள். அந்தப் பயம் அவரை ஒரு வாரமாக அரித்துக்கொண்டிருந்தது.

"பிறை! பிறை!"

யாரோ கத்த, துறையே குதித்தது. ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்து முதுகில் தட்டிக்கொண்டார்கள். அமீருதீன் நிமிரவில்லை. திரையை மறுபடி மறுபடி அமுக்கினார். ஒவ்வொரு அமுக்கலுக்கும் புள்ளி துறையை நோக்கிக் கொஞ்சம் கிட்டே வந்தது. வந்துடு கண்ணு, வந்துடு என்று முணுமுணுத்தார்.

அந்தி மங்கலில் ஒரு படகு வந்தது. துறையை நெருங்கியதும் படகுக்காரர் இன்ஜினை நிறுத்தினார்.

அமீருதீன் திரையை அமுக்கினார்.

படகுக்குள் எங்கேயோ 'டிங்' என்றது.

அவர் அதைக் கவனிக்கவில்லை. இன்னொரு தரம் அமுக்கினார். படகில் மறுபடி 'டிங்'.

தோளில் பையோடு படகிலிருந்து குதித்து இறங்கியது ஜபீன்.

ஆயிரம் சொல்ல நினைத்து வைத்திருந்தவரின் வாயில் கடைசியில் வந்தது இதுதான். "காரு எங்கடி?"

"சுண்ணாம்புக்குளத்துல நிக்குது வாப்பா. சக்கரம் நம்ம தெருவுல உருளக் கூடாதுன்னீங்களே. படகுக்கு ஏது சக்கரம்?"

சஹாபுதீன் தலையில் அடித்துக்கொண்டான். "அட, இத்தினி நேரம் இது காரக் காட்டல மாமா. இவ போனத்தான் காட்டிக்கினு இருந்திருக்கு!"

அமீருதீனுக்கு மகளைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல் இருந்தது. ஊர் பார்க்கிறதே என்று முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டார்.

"உன்ன யாரு வரச் சொன்னது?"

"நீங்கதான்."

"நானா? நான் எப்ப சொன்னேன்?"

ஜபீன் தன் போனை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். கண்ணில் நீர் நிற்க, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அப்டேட் வந்ததுலேர்ந்து, நீங்க ஒவ்வொரு தபா தொறந்து அமுக்கும்போதும் என் போன்ல மணி அடிக்குது வாப்பா. கம்பெனில வேல செய்ய வுட மாட்டேன்றீங்க."

அமீருதீன் அவசர அவசரமாகப் போனைச் சட்டைப்பையில் திணித்தார்.

விரல் எங்கேயோ பட்டு, மகளின் கையில் மறுபடி 'டிங்' என்றது.