சைக்கிள் மணியும் இருநூறு கட்டணமும்

"ஏம்மா, இது ஏலக் கடையா, வழிப்பறியா?"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ரசீதைக் கவுன்டரில் போட்ட வேகத்தில் கேஷியரின் பேனா உருண்டு கீழே விழுந்தது. அவள் நிதானமாகக் குனிந்து எடுத்துக்கொண்டாள். மாசா மாசம் நடக்கிற கூத்துதான்.

"என்ன சார் தப்பு?"

"சைக்கிள் மணி முந்நூறு. அதுக்கு உங்க கட்டணம் இருநூறு. மணியைச் செஞ்சவன்கூட இவ்வளவு லாபம் பார்த்திருக்க மாட்டான்!"

"குறைந்தபட்சக் கட்டணம் சார். எல்லாருக்கும் அதேதான்."

"எல்லாருக்கும் எங்கே? போன மாசம் அந்தப் பெரிய கடிகாரத்தை ஒருத்தர் எடுத்தாரே, அவருக்கு நூத்துக்குப் பதினஞ்சு. எனக்கு நூத்துக்கு அறுபத்தாறு. பணக்காரனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

"சரியான கேள்வி" என்றார் வரிசையில் பின்னால் நின்றவர். அவர் கையில் ஒரு கட்டு பழைய தீப்பெட்டிப் படங்கள். அவருக்கும் அதே இருநூறு காத்திருந்தது.

கேஷியர் அசரவில்லை. "கடிகாரமோ மணியோ, தொடைச்சு, போட்டோ எடுத்து, நம்பர் ஒட்டி, ரெண்டு வரி எழுதி, அலமாரியில வைக்கணும். வேலை ஒண்ணுதானே சார்? உங்க கடையில மட்டும் என்னவாம்? சின்ன பவர்னா கண் டெஸ்ட்டுக்குப் பாதிக் காசா?"

தீப்பெட்டிக்காரர் சட்டென்று கட்சி மாறிச் சிரித்தார்.

"பேச்சை மாத்தாதே!"

"மாத்தல சார். இன்னொண்ணும் கேட்டுடறேன். ஆரம்ப விலை நூறு. வேற ஒருத்தரும் வாய் திறக்கல. நீங்களே நூறுன்னீங்க, நீங்களே இருநூறுன்னீங்க, நீங்களே முந்நூறுன்னீங்க. ஏலம் போடுறவரே 'போதும் சார், விட்டுடுங்க'ன்னு கெஞ்சினார். அதுக்கு வலிக்காத கை, எங்க இருநூறுக்கு மட்டும் வலிக்குதா?"

"அது போற இடம் வேற, இது போற இடம் வேற. இந்தக் கட்டணம் மட்டும் இல்லன்னா ஐநூறு வரைக்கும் ஏத்தியிருப்பேன்!"

இந்த மனுஷனோடு என்ன பேசுவது? இதோடு பதினோரு மாதம், பதினோரு மணி. சைக்கிள் ஓட்டுகிறவரா என்றால் அதுவும் இல்லை. ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் சண்டையே போடுகிறார்.

கேஷியர் குரலைத் தாழ்த்தினாள். "நான் சொல்லக் கூடாது. ஆனா உங்க புலம்பல் தாங்கல. இந்த மணி எல்லாம் ஒரே பெரியவரோடது. இன்னும் பத்துப் பதினஞ்சு வச்சிருக்காராம். நேரா அவர்கிட்டயே வாங்கிக்குங்க. கட்டணமும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். அதோ, அவரே வர்றார் பாருங்க."

கடைக்காரர் வாசலைப் பார்த்தார்.

அடுத்த நொடி ஹெல்மெட் தலையில் ஏறியது. முகக் கண்ணாடியும் கீழே இறங்கியது. சுவரில் மாட்டியிருந்த விதிமுறைப் பலகைமுன் போய் நின்று, பரீட்சைக்குப் படிப்பதுபோல ஊன்றிப் படிக்க ஆரம்பித்தார்.

கைத்தடியை ஊன்றிக்கொண்டு பெரியவர் வந்தார். துணியில் சுற்றியிருந்த மணியைக் கவுன்டரில் வைத்து, ஒரு தடவை அடித்துப் பார்த்தார். டிரிங்!

"அடுத்த மாசத்துக்கும்மா. போன மாசமும் முந்நூறுக்குப் போச்சாமே? மாத்திரைச் செலவுக்குக் கவலையே இல்லை. யாரும்மா அந்த மகராசன்? ஒரு வார்த்தை நன்றி சொல்லணும்."

கேஷியரின் கை பலகைப் பக்கம் நீண்டது. ஹெல்மெட் இடமும் வலமுமாகப் படபடவென்று ஆடியது. அதற்குக் கீழே இரண்டு கைகளும் குவிந்தன.

நீண்ட கையை அவள் மெதுவாக மடக்கிக்கொண்டாள்.

"வாங்குறவங்க பேரைச் சொல்றதில்லைங்கய்யா. கடை விதி."

"போகட்டும். யாரா இருந்தாலும் அருமை தெரிஞ்ச மனுஷன். எனக்கும் தம்பின்னு ஒருத்தன் இருக்கானே! கண்ணாடிக் கடை வச்சு நல்லாத்தான் சம்பாதிக்கிறான். என் முட்டி ஆபரேஷனப்போ நோட்டுக் கட்டைக் கொண்டுவந்து நீட்டினான். அப்பா கடையைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கிட்டவன் காசை நான் தொடுவேனா? மூஞ்சியிலயே விட்டெறிஞ்சேன். சின்ன வயசுலேர்ந்து நான் சேர்த்த மணி இதெல்லாம். இதோட அருமை அவனுக்கு எங்கே தெரியப் போகுது!"

போன மாத மணிக்கான பணத்தை வாங்கிச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டார். போகிற போக்கில், பலகைமுன் நின்றவரின் தோளில் தட்டினார்.

"நல்லாப் படிச்சுக்குங்க தம்பி. இங்கே கட்டணம்லாம் ஜாஸ்தியாம்."

கைத்தடிச் சத்தம் வாசலைத் தாண்டித் தெருவில் கரைந்தது. ஹெல்மெட் மட்டும் கழலவில்லை. தீப்பெட்டிக்காரர் தன் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேஷியர் ரசீதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சார்... முதலாளிகிட்ட பேசி உங்களுக்கு மட்டும் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லட்டுமா?"

கடைக்காரர் கவுன்டருக்கு வந்தார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் கரகரத்து வந்தது.

"பேரைச் சொல்லாம இருக்கறதும் இந்த இருநூறுல சேர்த்திதானேம்மா?"

"சேர்த்திதான் சார்."

நோட்டுகளை எடுத்து வைத்தார்.

"அப்ப ரொம்ப மலிவும்மா."