பின்னறைக்கு ஒரு வயர்

“‘நான் இங்க உயிரோட பேசிக்கிட்டிருக்கேன், அங்க அவங்க ஸ்கிரீன்ல வாயைப் பிளந்துக்கிட்டு சிலையா நிக்கிறேன்.’ ஆபீஸ் மீட்டிங்னு உட்கார்ந்து காலையில இருந்து இதையே எத்தனை தடவை சொல்லுவே?” என்றாள் அம்மா. “ முன்னறையில வந்து உட்காரேன். நெட் பெட்டி இங்கதானே இருக்கு?”

“முன்னறையில உட்கார்ந்தா என் குரலுக்கு முன்னாடி உன் குரல் போகுதும்மா. எங்க மேனேஜர் உன் மிக்ஸியைக்கூட விசாரிக்கிறார்.”

மகளுக்குப் பின்னறைதான் வேண்டும். அம்மாவுக்கோ அந்த அறையின் பேச்சை எடுத்தாலே ஆகாது. அது அவள் நாத்தனார் இருந்த அறை.

கேபிள்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“நடுவுல மூணு சுவர் இருக்கும்மா, வைஃபை தாங்காது. வயர் இழுத்தாத்தான் நிக்கும். உடைக்கவெல்லாம் வேணாம், பழைய ஃபோன் எக்ஸ்டென்ஷனுக்குப் போட்ட பைப் அப்படியே இருக்கு. உள்ளே கிடக்கிற வயரோட இந்த முனையில புது கேபிளைக் கட்டிட்டு, பின்னறையில இருந்து இழுத்தா வந்துடும்.”

“அந்த எக்ஸ்டென்ஷனா?” என்றாள் அம்மா. “இந்த வீட்டுச் சண்டை பாதி அது வழியாத்தான் போச்சு.”

பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா பக்கத்தைத் திருப்பினார். தங்கை பேச்சு வந்தால் அவருக்கு அடுத்த பக்கத்தில் அவசரச் செய்தி இருக்கும்.

சண்டை மட்டுமா போனது? கல்யாணமாகி வந்த புதிதில் நாத்தனார்தான் அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தாள். ரிசீவரை எடுத்து ஒரே ஒரு எண்ணைச் சுழற்றினால் ‘ஊ’ என்ற சத்தம் நின்றுவிடும்; ஒரே லைனில் இருக்கும் ரெண்டு ஃபோனிலும் பேசிக்கொள்ளலாம். முன்னறையில் இவள், பின்னறையில் அவள். நாத்தனார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டியூட்டி முடிந்து வந்து படுத்தபடியே, “அண்ணி, பெரிய டாக்டருக்கு இன்னிக்கு ரெண்டு காலுலயும் வேற வேற செருப்பு” என்பாள். ஒரு வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, எழுந்து நடக்கச் சோம்பல்பட்டு, அரை மணி நேரம் சிரிப்பார்கள். கறுப்பு ரிசீவர் காதில் சுடும். அப்புறம் அந்த மாதிரிச் சிரித்ததே இல்லை.

“அத்தை நிஜமாவே ஒட்டுக் கேட்டாங்களாம்மா?” என்றாள் மகள்.

“பின்னே? ஞாயித்துக்கிழமை எங்கம்மா ஃபோன் பண்ணுவாங்க. நான் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசறதுக்குள்ள லைன்ல ‘டக்’குன்னு ஒரு சத்தம். அந்தப் பக்கம் எடுத்தாத்தான் அப்படி வரும். உன் முதல் பர்த்டே அன்னிக்கு, கேக் வெட்டின கையோட, முகத்துக்கு நேராவே கேட்டுட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“‘இனிமே உங்களுக்கு அந்தச் சந்தேகமே வராது அண்ணி’ன்னா. வராதாமே. அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் அந்த ‘டக்’கு நிக்கலையே. வாரா வாரம் கேக்கும், வாரா வாரம் நானும் விடமாட்டேன். அவளுக்கு வர்ற ஃபோனை மட்டும் முன்னறைக்கு வந்து, எல்லார் எதிரிலயும் நின்னு பேசுவா. என்னமோ ஒளிவு மறைவே இல்லாதவ மாதிரி. கடைசியில மாற்றல் வாங்கிக்கிட்டு வேற ஊருக்குப் போனா. குத்தமுள்ள நெஞ்சு, இல்லேன்னா ஏன் போகணும்?”

பின்னறையிலிருந்து கேபிள்காரர் கூப்பிட்டார்.

“அம்மா, கொஞ்சம் வந்து பாருங்க. இங்க எக்ஸ்டென்ஷன் இருந்துச்சுன்னீங்களே, அது வேலை செஞ்சிருக்காதே.”

சுவரில் இருந்த சின்னப் பெட்டியின் மூடியை அவர் கழற்றியிருந்தார். உள்ளே வயர் சுத்தமாக வெட்டப்பட்டு, முனை மடித்து, அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

“எலி கடிச்சிருக்கும்,” என்றாள் அம்மா.

“எலி பிளாஸ்திரி போடாதும்மா. கத்தரியால வெட்டியிருக்காங்க. காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்திரி இது. மேல பேனாவுல ஏதோ எழுதியிருக்கு பாருங்க.”

மகள் செல்ஃபோன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்து பார்த்தாள்.

“தேதி எழுதியிருக்கு.”

அறை வாசலில் வந்து நின்ற அப்பா மெதுவாகச் சொன்னார். “எதுக்குக் கட்டு போட்டாலும் தேதி எழுதாம விடமாட்டா. ஆஸ்பத்திரிப் பழக்கம்.”

“என்ன தேதி?” அம்மாவின் குரலில் இன்னும் கறார் இருந்தது.

மகள் இரண்டு தரம் படித்துப் பார்த்துக்கொண்டாள்.

“என் முதல் பர்த்டேக்கு மறுநாள்மா.”

கேபிள்காரர் ஒன்றும் புரியாமல் பிளாஸ்திரியை உரித்துப் போட்டுவிட்டு, வயரை இழுக்க ஆரம்பித்தார். புது கேபிள் தடங்கலே இல்லாமல் சரசரவென்று வந்தது. மகளுடைய கம்ப்யூட்டரில் செருகினார். திரையில் யாரோ ஒருவர், “இப்போ தெளிவா தெரியுறீங்க” என்றார். மகள் சத்தத்தைக் குறைத்தாள்.

அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ரெண்டு வருஷம், வாரா வாரம்.

“ஏங்க,” என்றாள். “உங்க தங்கச்சிக்கு ஒரு ஃபோன் போட்டுக் குடுங்க. நான் பேசணும்.”

அப்பா குனிந்து, கீழே கிடந்த பிளாஸ்திரியை எடுத்துத் தேதி கசங்காமல் நீவிக்கொண்டிருந்தார்.

“ஏங்க… உங்களைத்தான்.”