வாய்விட்டுச் சொன்ன பெயர்

இந்த நாட்டு மன்னர்கள் அல்ல என்று அறிவிக்கப்பட்ட சுல்தான்கள், நவாபுகளின் பெயர்களைப் பேச்சிலிருந்து போன்கள் தாமாகவே விழுங்கத் தொடங்கிய வாரத்தில், சபூரா தன் நிக்காஹ் ஒலிப்பதிவைப் போனில் போட்டுக் கேட்டாள். கணவர் இறந்து எட்டு மாதம். மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் பெயரைத்தான் அவருக்கும் வைத்திருந்தார்கள்.

பதிவில் பெரியத்தா, அவள் அப்பாவின் அண்ணன், அவளிடம் சம்மதம் கேட்டார். மாப்பிள்ளையின் பெயர் வர வேண்டிய இடத்தில் ஓசையே இல்லை. இருபது வயது சபூரா அந்த வெறுமைக்குத்தான் "சம்மதம்" என்றாள்.

போன் நிறுவனத்தின் உதவி மையத்தை அழைத்தாள்.

"வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்கம்மா, விதிவிலக்கு போட்டுடறேன்," என்றாள் அங்கிருந்த பெண்.

சபூரா தயங்கினாள். நாற்பது வருடமும் மச்சான் என்றே கூப்பிட்டவள். அவர் பெயரை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"ஹைதர் அலி."

"ஒண்ணும் கேக்கலையே. அந்தக் காலத்து ஆளுங்க எல்லாம் இப்படித்தான். வெக்கப்படாம சத்தமாச் சொல்லுங்கம்மா."

மூன்று முறை சொல்லியும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு, அவருடைய நாற்காலிக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஹைதர்," என்று மெல்லக் கூப்பிட்டாள்.

வீட்டுக்குள் அந்தப் பெயர் தெளிவாகக் கேட்டது. திரும்பிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.