மூன்று டேட்டாபேஸ், ஒரே க்வெரி

“நம்ம ஸ்டாஃப் ஒரு டேட்டாபேஸ்ல இருக்காங்க, ஹவுஸ்கீப்பிங் ஆளுங்க இன்னொண்ணுல, கேட் பாஸ் வேற ஒண்ணுல. மூணையும் ஒரே க்வெரியில தேட முடியுமா சீலன்?” என்று கேட்டாள் மேனேஜர் ரூபினி.

“இந்தப் புது டூல்ல முடியும் மேடம்.”

“அப்போ அவசரத்துக்குன்னு கொடுத்த போன் நம்பரை வெச்சு மேட்ச் பண்ணுங்க. சொந்தக்காரங்க இங்க கான்ட்ராக்ட்ல இருந்தா ஸ்டாஃப் நம்மகிட்ட சொல்லியிருக்கணும். யாரு மறைச்சாங்கன்னு தெரிஞ்சிடும்.”

மீட்டிங் ஹாலின் பெரிய திரையை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயசீலன் மூன்றையும் தேர்ந்தெடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டினான்.

ஒரு பெயர்கூட வரவில்லை. அவனுக்கு மூச்சு வந்தது.

“டூல் சரியாத்தான் தேடுதா? சும்மா ஒருத்தர் விவரத்தைத் திறங்க. இதோ டீ கொண்டு வர்றாங்களே, அன்னம்மாள், அவங்களோடது.”

திறந்தான். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: சூப்பர்வைசர். பிள்ளைகள்: இல்லை.

“அய்யோ பாவம், யாருமே இல்ல போலிருக்கு” என்றாள் ரூபினி, தணிந்த குரலில்.

அன்னம்மாள் திரையைப் பார்க்காமல் ஒவ்வொருவர் முன்னாலும் டீயை வைத்துக்கொண்டே வந்தாள். காலையில் காக்ஸ் டவுன் வீட்டில் அவனுக்கு டிபன் கட்டிவைத்துவிட்டு, ஒரு பஸ் முன்னதாகவே கிளம்பி வந்திருந்தாள்.

‘ஆபீஸ்ல என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதேம்மா’ என்று சொன்னது அவன்தான். ஃபாரத்தில் ‘பிள்ளைகள்: இல்லை’ என்று எழுதச் சொன்னது மட்டும் அவனில்லை.

அவன் முன்னாலும் டீ வந்தது.

“தேங்க்ஸ்ங்க” என்றான் ஜெயசீலன், தலை நிமிராமல்.